மதினி கேட்கும் முதல் கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன், முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிய மறு வாரம் அது நடந்தது. இடம், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற தேரிக்காடு. செக்கச்செவேலென்று மணல் மேடு மேடாகக் கிடக்குமே, படம் பிடிக்க வருகிறவர்கள் தமிழ்நாட்டுப் பாலைவனம் என்று சொல்வார்களே, அதுதான். அங்கே என் மதினியை நான் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன். கேட்கக் கடுமையாக இருக்கலாம். இதைவிடப் பதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு ராஜபாளையம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், விளையாட்டு வகுப்பு எடுக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு கதையும் கிடையாது, செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். லீவு விட்டால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கட்ச் பக்கம் உப்புப் பாலைவனத்தில் நிலா பார்த்திருக்கிறேன். ஜெய்சல்மேர் மணலில் உருண்டிருக்கிறேன். லட்சத்தீவுக் கப்பலில் வாந்தி எடுத்திருக்கிறேன். அந்தமானில் ஒரு சின்னத் தீவுக்குப் போன படகு திரும்ப வராமல், தேங்காயைத் தின்றே ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன். தனியாகப் போகிற பெண் என்றால் எப்படி நடக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும், யாரிடம் பேசவே கூடாது எல்லாம் அத்துபடி என்று எனக்கொரு நினைப்பு. அந்த நினைப்பு கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கூட யார் வந்தது, பயமாக இல்லையா, இந்த வயசில் இது தேவையா. கதை கேட்பதற்கென்று எனக்கு இருந்தது என் மதினி ஒருவர்தான். அண்ணன் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மதினிக்கு வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுருட்டிக் கொடுக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இது நடக்கும். கை பாட்டுக்குத் துணியைச் சுருட்டும், கண் என்னையே பார்க்கும், காது முழுக்கக் கதையில் இருக்கும்.

ஆனால் ஒன்று. நான் எந்த ஊர்க் கதையை ஆரம்பித்தாலும் மதினியின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அங்க பொம்பளைக ஒதுங்க எடம் இருந்துச்சா?"

லட்சத்தீவில் கடல் எத்தனை நீலமாக இருந்தது என்று நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பேன். "கப்பல்ல எம்புட்டு நேரம்? அம்புட்டு நேரமா? கக்கூஸ் நல்லாருந்துச்சா?" என்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. இதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்கள் மதினியை உலகம் பூராவும் சுற்றிக் காட்டினால் கக்கூஸ் கக்கூஸாகப் பார்த்துவிட்டு வருவார் என்று சொன்னதும், அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த வருடம் பரீட்சை நேரத்தில் ஒரு நாள், துணியைச் சுருட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார். "டீச்சரம்மா, என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போறியா? ரொம்பத் தூரமெல்லாம் வேண்டாம். மணலு மட்டும் பாக்கணும். நீ சொல்லுவேல்ல, சுத்திலும் மணலா இருக்கும்னு."

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாகக் கதை சொல்கிறேன். வாங்க மதினி, போவோம் என்று ஒரு தரம் கூடக் கூப்பிட்டதில்லை. அவர் போன இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அருவியில் தண்ணீர் விழுகிற மாதத்தில் அய்யனார் கோவில், ஒரே ஒரு தரம் பிளவக்கல் அணை, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிகள்.

தேரிக்காடு என்று நான்தான் முடிவு செய்தேன். விடியற்காலை பஸ் ஏறினால் ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம். காலையில் இரண்டு மணி நேரம் நடப்பது, மணலைக் காட்டுவது, திருச்செந்தூரில் சாப்பிட்டுவிட்டுக் கடலையும் காட்டித் திரும்புவது. கட்சையும் ஜெய்சல்மேரையும் பார்த்த எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையை முதல் நாள் முழங்கால் தண்ணீரில் இறக்குகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு மதினி புதுச் சேலை கட்டி, அரைக் கிலோ பால்கோவாவும் கையுமாக நின்றார். யாருக்கு என்று கேட்டேன். "யாருக்குன்னு இப்பவே தெரியுமா? ஊருக்குப் போகையில கையில இருக்கணும்ல" என்றார். பைக்குள் அவர் சுருட்டிய பேண்டேஜ் ரோல் இரண்டும் இருந்தது. வீட்டை விட்டு எங்கே போனாலும் அது அவர் பையில் இருக்கும்.

வழியில் பஸ் மாறுகிற இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று காட்டினேன். உள்ளே போனவர் போன வேகத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பி வந்து, "எனக்கு வரல" என்றார். திருச்செந்தூரில் இறங்கியதும் நாலு பாட்டில் தண்ணீர் வாங்கி ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டேன். "மணல்ல நடக்கையில செத்த நேரத்துக்கு ஒரு தரம் ஒரு வாய் குடிக்கணும், சரியா?" என்று என் பள்ளிக்கூடத்துக் குரலிலேயே சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார்.

ஆட்டோக்காரர் தேரிக்குப் பக்கத்தில் ரோட்டில் இறக்கிவிட்டபோது பத்து மணி இருக்கும். ரோடு தேரிக்கு மேற்கே ஓடுகிறது. கிழக்கே பார்த்து ஒரு மணி நேரம் நடப்போம், அப்புறம் மேற்கே திரும்பி ரோட்டுக்கு வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். இதில் தப்பு வர என்ன இருக்கிறது?

மணலில் கால் வைத்ததும் மதினி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏட்டி, மஞ்சத்தூளும் குங்குமமும் கலந்து கொட்டுன மாதிரிலா இருக்கு" என்று சொல்லி, ஒரு கைப்பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். மேடு ஏறும்போது கால் புதையப் புதையச் சிரித்தார். மேட்டின் உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "நீ சொன்னது நெசந்தான்" என்றார். நான் சொன்ன கதைகளை இத்தனை வருடம் அவர் பாதிதான் நம்பியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தைப் படம் எடுத்தேன். இன்றைக்கும் என் போனில் இருக்கிறது. அதற்கு மேல் வரிசையாக மணலைப் படம் எடுத்து, வீடியோ எடுத்து, போன் நெருப்பாகக் கொதித்து அணைந்துபோனது. அப்புறம் அது உயிர் பெறவே இல்லை. மதினி தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டதோடு மறந்துவிட்டு வந்திருந்தார்.

தேரிக்குள் அங்கங்கே பனைமரம் உண்டு. பதநீர் இறக்குகிற காலம் அது. தூரத்தில் இரண்டு மூன்று மரங்களின் தலையில் ஆட்கள் இருந்தார்கள். மதினி அவர்களை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். வேடிக்கை பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

பதினொன்றேகால் மணிக்குத் திரும்பலாம் என்றேன். அங்கேதான் பிடித்தது சனியன்.

எங்கள் ஊரில் யாரும் இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லி நீங்கள் கேட்டிருக்க முடியாது. மேற்கே பார்த்தால் மலை நிற்கும். மொட்டை மாடியில் நின்றாலும் தெரியும், கடைத்தெருவில் நின்றாலும் தெரியும், மில் கேட்டில் நின்றாலும் தெரியும். மலை இருக்கிற பக்கம் மேற்கு. அடுப்படியில்கூட "அந்தச் சட்டிய மேக்க தள்ளி வை" என்றுதான் பேசுவோம். பிறந்ததிலிருந்து திசையை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

அன்றைக்கு வானம் பூராவும் வெளுத்த மேகம் மூடிக் கிடந்தது. வெக்கை இருந்தது, சூரியன் எங்கே என்று தெரியவில்லை. நிழலும் விழவில்லை. வந்த காலடியைக் காற்று கலைத்துவிட்டிருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். வானத்தின் அடியில் ஒரு பக்கம் நீளமாகக் கருநீலத்தில் ஒரு கோடு, மேடும் பள்ளமுமாக. என் மனசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மலை. அப்படியானால் மேற்கு. நடங்க மதினி என்றேன்.

மதினி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அது மலையா? நம்ம மலை மாதிரி இல்லையே. மேகம் மாதிரிலா இருக்கு."

"எத்தன பாலைவனம் பார்த்திருக்கேன் மதினி, எனக்குத் தெரியாதா?" என்றேன். சொன்ன தொனியை இங்கே எழுத முடியாது. அவர் கண்ணுக்கு மேலிருந்த கையை இறக்கி, என் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், நான் பார்த்த பாலைவனத்தில் எல்லாம் கூடவே ஒரு ஒட்டகக்காரரோ ஜீப்காரரோ இருந்தார். படத்தில் அவர்கள் வர மாட்டார்கள், கதையிலும் வர மாட்டார்கள். நானே வழி கண்டுபிடித்து நடந்த மாதிரி பத்து வருடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நானே நம்பிவிட்டேன்.

கால் மணி நேரம் நடந்திருப்போம். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. தூரத்துப் பனைமரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை வீசிச் சத்தம் போட்டார். என்ன சொல்கிறார் என்று காற்றில் பிடிபடவில்லை. மதினி நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஆளில்லாத இடத்தில் முன்பின் தெரியாத ஆண் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, நிற்கக் கூடாது, வேகத்தைக் கூட்ட வேண்டும். இந்தப் பழக்கம் என்னைப் பல ஊர்களில் காப்பாற்றியிருக்கிறது. அதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் இரண்டு தரம் கத்தினார். நாங்கள் ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இன்னும் அரை மணி நேரம் போனது. ரோடு வரவில்லை. நீலக் கோடு கலைந்து இரண்டு துண்டாகி நின்றது. மலை இரண்டு துண்டாகுமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கடலுக்கு மேல் நின்ற மேகம். இவ்வளவு நேரமும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஆளே இல்லாத பக்கமாகக் கிழக்கே நடந்திருக்கிறோம்.

அதையும் நான் மதினியிடம் சொல்லவில்லை. ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதான் என்று சிரித்து மழுப்பினேன். என் தண்ணீர் இரண்டு பாட்டிலும் காலி. மதினியிடம் மிச்சம் இருக்கும் என்று கேட்பதற்காகத் திரும்பினேன். இருபது அடி பின்னால் குடிகாரர் மாதிரி தள்ளாடிக்கொண்டு வந்தார். முகம் சிவந்து கிடந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. "என்ன மதினி செய்யுது?" என்றேன்.

"இன்னும் ரெண்டு கட்டு துணி பாக்கி கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்றார்.

பக்கத்தில் ஒரு முந்திரி மரம் இருந்தது. அதன் அடிக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் அப்படியே சரிந்துவிட்டார். கையும் காலும் இழுத்துக்கொண்டது. அவர் பையைக் கவிழ்த்தேன். பால்கோவா விழுந்தது, பேண்டேஜ் ரோல் விழுந்தது, இரண்டு தண்ணீர் பாட்டிலும் விழுந்தன. இரண்டும் நிறைய. மூடியில் சீல்கூட உடையவில்லை.

அந்த இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரைச் சுமந்துகொண்டே நாக்கு வறண்டு விழுகிற மனுஷி உண்டா? அவரை உலுக்கினேன். "ஏன் மதினி குடிக்கல? ஏன் குடிக்கல?" கோபத்தில்தான் கேட்டேன், பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

கண்ணை மூடியபடியே சொன்னார். "குடிச்சா வருமே. எங்க போக? மரத்து மேலெல்லாம் ஆம்பளைக இருக்காகல்ல."

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் பயணம் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டாராம். பத்து வருடமாக என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியை இந்தத் தரம் அவர் கேட்கவில்லை. கேட்டால் கூட்டிக்கொண்டு போக மாட்டேனோ என்று பயந்திருக்கிறார். என் சிரிப்பு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினேன். குடித்தார், குடித்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது. மறுபடி ஊற்றினேன், மறுபடியும் வந்தது. பி.டி. டீச்சர், முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மேட்டில் ஏறி நின்று கத்தினேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாருடைய சத்தத்துக்குப் பயந்து ஓடினேனோ, அந்த ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு மணலில் ஓடி வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். அவருக்கு நல்ல தூரம் பின்னால், பாளை சீவுகிற அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டியபடி, மரத்திலிருந்து கத்திய அந்த மனுஷர்.

அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதினியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். பின்னால் திரும்பி, "ஏங்க, நீங்க அங்கிட்டே நில்லுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மதினியின் ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினார். குடத்தோடு தண்ணீரைத் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார். நான் பாட்டிலை மறுபடி நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். "மடக்கு மடக்குன்னு குடுக்காதிய, கொமட்டிரும். நாக்க மட்டும் நனைங்க." அதற்குள் எனக்கும் புத்தி வந்தது. பேண்டேஜ் ரோலைப் பிரித்து நனைத்து, கழுத்து, கக்கம், நெற்றி என்று சுற்றினேன். எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மதினி சுருட்டி அனுப்பிய துணி, அன்றைக்கு அவர் மேலேயே சுற்றிக் கிடந்தது.

நானும் அந்தப் பெண்ணுமாகத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய விடிலிக்குப் போனோம். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஓலைக் குடிசைக்கு அங்கே அப்படித்தான் பேர். சீசன் முடிகிற வரைக்கும் அவர்களுக்கு வீடும் அதுதான். நுழையும்போதே தீய்ந்த வாடை. அடுப்பில் இருந்த பதநீர் பொங்கி வழிந்து, மிச்சம் சட்டியின் அடியில் கரியாகப் பிடித்துப்போயிருந்தது. விடியும் முன்பே ஏறி இறக்கியது அத்தனையும். அந்தப் பெண் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். அதைப் பற்றி அப்போதும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

நிழலில் படுக்க வைத்து, உப்புப் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். முதல் பத்துக் கரண்டி தங்கியது. அப்புறம் கொஞ்சம் பதநீர். மதினி கண்ணைத் திறந்து, "இது யாரு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துப் பிள்ளைகள் அழுவார்களே ஒழிய நான் அழுது யாரும் பார்த்தது கிடையாது.

பைக் கொண்டுவர ஆள் சொல்லிவிட்டு அந்த மனுஷர் வெளியே நின்றார். வாசலில் நின்றே என்னிடம் பேசினார். "கெழக்க போறியளே, அங்கிட்டு ஆளு கெடையாதேன்னுதாம்மா சத்தம் குடுத்தேன். நீங்க வெரசாப் போனிய. பயப்படுதாவன்னு தெரிஞ்சுது. நான் வெரட்டி வந்தா இன்னும்லா ஓடுவிய? அதான் எறங்கிப் போயி இவளக் கூட்டியாந்தேன். அதுல செத்த நேரம் ஆயிப்போச்சு." தாமதத்துக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

மதினி எழுந்து உட்கார்ந்தாலும் ஒரு பயம் இருந்தது. இத்தனை தண்ணீர் உள்ளே போயும் உடம்பிலிருந்து ஒன்றும் வெளியேறவில்லை. அந்தப் பெண்ணும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "யக்கா, ஒண்ணுக்கு வருதா?" மதினி இல்லை இல்லை என்று தலையாட்டுவார். அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டபோது மதினி என்னைப் பார்த்தார், வெளியே நின்ற மனுஷரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து எழுப்பி, விடிலிக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே ஆள் உயரத்துக்கு நெருக்கமாகப் பனையோலை வைத்துக் கட்டிய ஒரு மறைப்பு. தலைக்கு மேலும் ஓலை. மரத்து மேலிருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. "விடிலி போடும்போதே மொத ஓலைய இதுக்குத்தான் வைக்கணும்னுட்டேன் யக்கா. பகல் பூரா அடுப்புல வேகுத உடம்பு, தண்ணி குடிக்காம முடியுமா? சுத்தி மரத்துக்கு மரம் ஆளு. போங்க, நான் நிக்கேன்."

நானும் நின்றேன். என் வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்துக்கொண்டு நின்றதில்லை. உள்ளேயிருந்து மதினி, "ஏட்டி, வந்துருச்சுட்டி" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மதினி உள்ளே சிரிக்கிற சத்தமும் கேட்டது.

கிளம்பும்போது மதினி பால்கோவாவை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். யாருக்கென்று தெரியாமல் விடியற்காலையில் எடுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பதிலுக்கு இரண்டு கருப்பட்டியை ஓலையில் சுற்றிக் கொடுத்தார். கருகிப்போன சட்டி அப்போதும் ஓரத்திலேயே இருந்தது. அதைத் தேய்த்தாவது வைக்கிறேன் என்று நான் உட்கார்ந்தேன். "எந்திங்க, அவியள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழியப் பாருங்க" என்று அதட்டி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைத் திட்டினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். மதினிதான் நடுவே புகுந்து, "அவள ஏன் வைறிய? நான்ல குடிக்காம வந்தேன்" என்றார். அது எனக்கு அண்ணன் திட்டியதைவிட வலித்தது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பயணத்தில் நடந்த விபத்து என்று மறந்தாலும் மறந்திருப்பேன். அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு நாள் மதியம் என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மைதானத்தில் மயங்கி விழுந்தாள். பதினெட்டு வருடமாக என் வாயில் ஒரே கேள்விதான் வரும். "காலையில சாப்பிடாம வந்தியா?" அதுவும் மைதானமே கேட்கிற மாதிரி. அன்றைக்கும் வாயைத் திறந்தேன், பக்கத்தில் கிடந்த அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்த்தது. மணி இரண்டரை. காலையில் அவள் அம்மா நிரப்பிக் கொடுத்தது கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது.

அவளைத் தெளிய வைத்து, மற்ற பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டேன். "ஏன்டா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல டீச்சர்."

"போக வேண்டியதுதானே?"

"கதவுல தாழ்ப்பாள் இல்ல டீச்சர்."

பதினெட்டு வருடம் அதே கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். டீச்சர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு, அதற்குப் பூட்டும் உண்டு, சாவி என் பையில் இருக்கும். பிள்ளைகளுடைய கதவை நான் ஒரு நாளும் சாத்திப் பார்த்ததில்லை. எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியிருப்பேன், எத்தனை பேரை ஓட முடியாமல் உட்கார்ந்ததற்காக வெயிலில் நிற்க வைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை தாழ்ப்பாளும் திருப்புளியும் வாங்கிக்கொண்டு போனேன். மதினியும் கூட வந்தார். மொத்தம் ஆறு கதவு. அவர் கதவைப் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். ஒவ்வொன்று முடிந்ததும் மதினி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, திறந்துகொண்டு வந்து, "ம், சரி" என்பார். ஆறு கதவுக்கும் ஆறு தரம்.

அதற்கப்புறம் நாங்கள் சேர்ந்து இரண்டு பயணம் போய்விட்டோம். இந்த வருடம் தனுஷ்கோடி. கிளம்புவதற்கு முந்தின வாரம், ஒதுங்க எங்கெங்கே இடம் இருக்கிறது என்று நான்தான் முதலில் விசாரித்து வைத்தேன். மதினி வழி பூராவும் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார், கடலைப் பார்த்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இப்போது விசில் ஊதுவதற்கு முன்னால் பிள்ளைகளைப் பாட்டிலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். அதில் யாருடையதாவது கழுத்து வரை நிறைந்திருந்தால், அப்படி நிறைந்த பாட்டில்களைச் சுமந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அந்தச் சிவப்பு மணலில் என் பின்னால் நடந்து வந்த மதினிதான் இன்றைக்கும் என் கண்ணுக்குத் தெரிகிறார்.